குரூப் 2 ஆன்லைன் கோர்ஸ், ஒரு வருஷம் பாத்துட்டு எழுதற ரிவ்யூ

போன வருஷம் ஒரு கோச்சிங் ஆப்ல குரூப் 2 ப்ரிலிம்ஸ் மெயின்ஸ் காம்போ வாங்கினேன், பேர் சொல்லல. போட்டிருந்த விலை 8,999. ஏன் சார் இவ்ளோன்னு போன்ல கேட்டதுக்கு, வீடியோ எல்லாம் டெலிகிராம்ல லீக் ஆகுது, காசு குடுத்து வாங்கறவங்க தலைலதான் எல்லாம் விழுதுன்னு ரொம்ப வருத்தமா பேசினாங்க. ரெண்டு நாள் கழிச்சு அவங்களே கூப்பிட்டு கூப்பன் குடுத்தாங்க, 4,999க்கு முடிஞ்சுது. அப்போ அந்த லீக் கணக்கு எங்க போச்சுன்னு நான் கேக்கல, கேட்டா கூப்பன் போயிடுமோன்னு பயம்.

கிளாஸ் நல்லாதான் இருக்கு, குறை சொல்ல மாட்டேன். பிரச்சினை வீடியோவ யாரும் காப்பி அடிக்காம இருக்க போட்ட பூட்டுலதான். என் போன் நம்பர் பத்து இலக்கமும் வீடியோ மேல மெதுவா நீந்திட்டே இருக்கும், ரெக்கார்ட் பண்ணி வித்தா யாருன்னு கண்டுபிடிக்கவாம். ஒரு நாள் கூட்டுவட்டி கணக்குல 8ன்னு இருந்த இடத்து பக்கத்துல என் நம்பரோட கடைசி 3 வந்து உக்காந்துக்கிச்சு, நான் 83% வட்டின்னு நோட்ல எழுதி அரை மணி நேரம் மண்டைய பிச்சிக்கிட்டேன்.

அதைவிட தலைவலி வைட்வைன், கூகுளோட டிஆர்எம், அதாவது வீடியோவ காப்பி எடுக்க விடாத டிஜிட்டல் பூட்டு. அதுல பாதுகாப்பு லெவல் உண்டு, போன்ல எல்1 இருந்தா பூட்டைத் திறக்கற வேலை ஹார்ட்வேர்க்குள்ளயே நடக்கும், எல்3ன்னா வெறும் சாஃப்ட்வேர், அதை நம்பி ஹெச்டி தர மாட்டாங்க. என் பழைய போன் எல்3, அதனால 480பி தாண்டாது, போர்டுல சார் எழுதற பின்னம் எல்லாம் எறும்பு ஊர்ற மாதிரி இருக்கும். ஸ்கிரீன்ஷாட் எடுத்தாலும் கருப்பு, டிவில போட்டாலும் கருப்பு. புது போன் வாங்கினதும் ஆப் அக்கவுண்ட்ல இருந்து பழைய போன எடுக்கச் சொல்லி கெஞ்சினதுல மூணு நாள் போச்சு.

இவ்ளோத்துக்கும் நடுவுல என் ரூம்மேட் அதே கோர்ஸ டெலிகிராம்ல எவன்கிட்டயோ 150 ரூபாய்க்கு வாங்கி வெச்சிருக்கான். ஹெச்டி, நம்பர் நீந்தல, டவுன்லோட் பண்ணி ரயில்ல படுத்துக்கிட்டே பாக்கறான். பூட்டு மொத்தமும் எனக்கு மட்டும்தான்!

சட்டம் இல்லாம இல்ல. காப்பிரைட் சட்டம் 63வது பிரிவுல 6 மாசத்துல இருந்து 3 வருஷம் வரைக்கும் ஜெயில், 50,000ல இருந்து 2 லட்சம் வரைக்கும் அபராதம். 2022ல ஒரு கோச்சிங் டீச்சர் போட்ட கேஸ்ல, திருட்டு காப்பி ஓட்டற சேனல்காரங்களோட போன் நம்பர், ஐபி அட்ரஸ குடுன்னு டெல்லி ஹைகோர்ட் டெலிகிராம்கிட்ட சொல்லுச்சு, எங்க சர்வர் சிங்கப்பூர்ல இருக்குன்னு அவங்க சொன்ன சாக்கு எடுபடல. ஆனா ரூம்மேட் இருக்கற சேனல் போனா அடுத்த சேனல் லிங்க் சாயங்காலத்துக்குள்ள வந்துடுது. விலைய குறைச்சா கொஞ்ச பேராவது காசு குடுத்து வருவாங்கன்னு எனக்குத் தோணுது, நெட்ஃபிளிக்ஸே 2021 டிசம்பர்ல இந்தியால மொபைல் பிளான 199ல இருந்து 149க்கும் பேசிக்க 499ல இருந்து 199க்கும் இறக்குச்சே.

இந்த காம்போல எனக்கு காசு வசூலானது ஒரே ஒரு இடத்துல. மெயின்ஸ் ஆன்சர் ஷீட் எழுதி ஸ்கேன் பண்ணி அனுப்பினா திருத்தித் தருவாங்க. முதல் பேப்பர்லயே ஒரு மேடம் சிவப்பு மைல "கேட்டது காரணம், நீங்க எழுதினது வரலாறு"ன்னு போட்டு 15க்கு 4 குடுத்தாங்க. கோவம் வந்துச்சு, அப்புறம் திரும்ப படிச்சுப் பாத்தா அவங்க சொன்னதுதான் சரி. இதுக்கு டிஆர்எம்மும் கிடையாது வாட்டர்மார்க்கும் கிடையாது, என் பேப்பர எவன் திருடி என்ன பண்ணப் போறான், அவன் எழுதினத அவங்க திருத்தினாதானே அவனுக்கு ஆகும். 150 ரூபாய்க்கு வீடியோ வாங்கின அதே ரூம்மேட் இதுக்கு மட்டும் 1,800 கட்டி சேர்ந்திருக்கான்.

வீடியோக்கு 5க்கு 2, திருத்தறதுக்கு 5. வாங்கப் போறவங்க முதல்ல டிஆர்எம் இன்ஃபோ ஆப் போட்டு உங்க போன் எல்1ஆ எல்3ஆன்னு பாத்துக்கோங்க, எல்3ன்னா காம்போ வேணாம், மெயின்ஸ் பேக் மட்டும் போதும். அப்புறம் முதல் நாள் சொல்ற விலைக்கு வாங்கிடாதீங்க, ரெண்டு நாள்ல அவங்களே கூப்பிடுவாங்க.