தென்னைக்குள் தீவனத் தட்டை: சில வருட அனுபவம்

உடுமலைப் பக்கம், செம்மண் தோப்பு, கிணற்றுப் பாசனம். தென்னைக்கு ஊடே கோ (எஃப்சி) 8 ரகத் தீவனத் தட்டைப்பயறு சில வருடமாகப் போடுகிறேன். ஏக்கருக்கு 10 கிலோ விதை. வேர் முடிச்சில் இருந்து தழைச்சத்து பிடிக்கும் ரைசோபியம் நுண்ணுயிர் உரத்தை ஆறிய கஞ்சியில் கலந்து விதையில் புரட்டி, நிழலில் உலர்த்திவிட்டு அன்றைக்கே விதைத்துவிட வேண்டும். மரம் 7 வயதைத் தாண்டி 20க்குள் இருந்தால் நிழல் கட்டிவிடும், கொடி சவலையாகத்தான் வரும். அந்தத் தோப்புக்காரர்கள் யோசித்துக்கொள்ளுங்கள்.

வடக்கே பெர்சீம் குளோவர் என்ற தீவனப் பயிரைக் குளிர்காலம் முழுக்க அறுத்துக்கொண்டே இருப்பார்கள். அந்த எண்ணத்தோடு இதை வாங்காதீர்கள். 50 நாளில், பாதிச் செடி பூத்ததும் ஒரே அறுப்பு. அறுத்த பிறகு மறுபடி துளிர்க்கும் மறுதாம்பு வேண்டும் என்றால், வேலிமசால் என்ற தீவனப் பயிர்தான் சரி.

'தீவனமும் ஆச்சு, உரமும் ஆச்சு' என்று சொல்லித்தான் விதை விற்கிறார்கள். அதைப் பாதிதான் ஒத்துக்கொள்வேன். வேரைப் பிடுங்கி ஒரு முடிச்சை நகத்தால் கிள்ளினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். காற்றிலிருந்து தழைச்சத்து (நைட்ரஜன்) பிடிக்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம். ஆனால் பிடித்ததில் பெரும்பங்கு தழைக்குத்தான் போகிறது. அதை அடியோடு அறுத்து மாட்டுக்குப் போட்டுவிட்டால் மண்ணுக்கு மிஞ்சுவது வேரும் உதிர்ந்த இலையும்தான். சாணம் தோப்புக்கே திரும்பினால் கொஞ்சம் சரிக்கட்டலாம். அதனால் நான் இப்போது கோடைப் பயிரை மாட்டுக்கு விடுகிறேன். புரட்டாசி மழையில் வருவதைப் பூக்கும்போதே மடக்கி உழுதுவிடுகிறேன். ஓட்டிய பிறகு மண் பொலபொலவென்று இருப்பது கண்கூடு. களையையும் நன்றாக அமுக்குகிறது, கோரை மட்டும் அசைந்து கொடுக்காது.

மாடுகள் ஆசையாகத் தின்னும், வெள்ளாட்டைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஆனால் பனி ஈரத்தோடு வெறும் வயிற்றில் போட்டால் வயிறு உப்பிவிடும். முதலில் சோளத்தட்டு, வாடிய தட்டைக்கொடியை அப்புறம் நேப்பியர் புல்லோடு நறுக்கி, மூன்று பங்கு புல்லுக்கு ஒரு பங்கு கொடியாகக் கலந்து போடுங்கள்.

தொல்லை என்றால் அசுவினியைவிட மயில்தான். முளைக்கும் வாரம் முழுக்கக் காவல் இருக்க வேண்டும். விதைக்கு ஓரமாக நாலு பாத்தி அறுக்காமல் விட்டுவைத்தால் அடுத்த பட்டத்துக்குக் கடைக்குப் போக வேண்டியதில்லை. நன்றாகக் காயவைத்துக் காற்றுப் புகாமல் கட்டி வையுங்கள், இல்லாவிட்டால் வண்டு துளைத்த மாவுதான் மிஞ்சும்.