எம்.பி.யிடம் என்ன கேட்பது? வெளிநாட்டு உதவிக்கான ஒரு தன்னார்வலர் திட்டம், என் மதிப்பீடு

மதிப்பெண்: ஐந்துக்கு மூன்றரை. பயிற்சிக்கு மட்டும் என்றால் ஐந்தும் கொடுத்திருப்பேன்.

தீவிர வறுமையையும் தொற்றுநோய்களையும் ஒழிக்க வெளிநாட்டு உதவியைக் கூட்டச் சொல்லி எம்.பி.க்களை நச்சரிக்கும் அமைப்புகள் பணக்கார நாடுகளில் பல இருக்கின்றன. அதில் ஒன்றின் தன்னார்வலர் திட்டத்தில் சேர்ந்து, அவர்கள் தருவதையெல்லாம் பயன்படுத்திப் பார்த்துவிட்டு இதை எழுதுகிறேன். குறைகளும் சொல்லப் போவதால் பெயர் வேண்டாம். கட்டணம் கிடையாது. சேர்ந்தால் மின்னஞ்சல்கள், ஆயத்தக் கடிதம், தகவல் தாள்கள், இணையவழிப் பயிற்சி, கடைசியில் எம்.பி. அலுவலகத்தில் ஒரு சந்திப்பு.

ஆயத்தக் கடிதத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பெயரைத் தட்டி, பொத்தானை அழுத்தினால் போய்விடும். ஒரே வாசகம் நூறு பேரிடமிருந்து வந்தால் அலுவலக ஊழியர் என்ன செய்வார்? எண்ணிக்கையைக் குறித்துக்கொண்டு ஒரே பதிலை நூறு பேருக்கும் அனுப்புவார். எனக்கு வந்த பதிலும் அந்த ரகம்தான். அமைப்பு அடுத்த மின்னஞ்சலில் இதைப் பெரிய வெற்றியாகக் கொண்டாடியது வேறு கதை.

நான் கணக்கு எழுதிப் பிழைப்பவன். அதனால் தகவல் தாள்களை விடாமல் நோண்டினேன். நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். எய்ட்ஸ், காசநோய், மலேரியா மூன்றுக்கும் எதிராக 2002-ல் தொடங்கிய குளோபல் ஃபண்ட் பற்றிய தாள் அருமை. மூன்று ஆண்டுக்கு ஒருமுறை நன்கொடை நாடுகள் கூடித் தொகை அறிவிக்கின்றன, ஆகவே எம்.பி.யிடம் எந்த மாதத்தில் போய்ப் பேச வேண்டும் என்பது வரை அதில் இருக்கிறது. நான் அறியாத ஒரு செய்தியும் இருந்தது. அமெரிக்காவின் பங்கு மொத்த நன்கொடையில் 33 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று 2003-லிருந்து அந்த நாட்டின் சட்டமே சொல்கிறதாம். அதாவது மற்ற நாடுகள் இரண்டு டாலர் போட்டால்தான் அமெரிக்காவிடமிருந்து ஒரு டாலர் வர முடியும். "நம் சின்னத் தொகையால் என்ன ஆகிவிடும்?" என்று கேட்கும் எம்.பி.க்கு இதைவிட நேரடியான பதில் எனக்குத் தெரியாது.

இனிக் குறை. உலக வங்கி 2025 ஜூனில் தீவிர வறுமைக் கோட்டை நாளொன்றுக்கு 2.15 டாலரிலிருந்து 3 டாலராக உயர்த்தியது. அதனால் 2022-க்கான கணக்கில் தீவிர வறுமையில் இருப்பவர்கள் 71.3 கோடியிலிருந்து 83.8 கோடியாகிவிட்டார்கள். மாறியது அளவுகோல். அதே ஆண்டில் யாரும் புதிதாக ஏழையாகிவிடவில்லை. தாளில் என்ன செய்திருந்தார்கள் தெரியுமா? பழைய கோட்டின்படி ஒரு பழைய ஆண்டின் எண்ணிக்கை, புதிய கோட்டின்படி ஒரு புதிய ஆண்டின் எண்ணிக்கை, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டு, நடுவில் மேலே போகும் சிவப்பு அம்புக்குறி! இதை எடுத்துக்கொண்டு விஷயம் தெரிந்த ஓர் ஊழியர் முன்னால் உட்கார்ந்தால் அடுத்த பத்து நிமிடமும் போச்சு. எழுதிச் சொன்னேன். நன்றி என்று பதில் வந்தது. அம்புக்குறி இன்னும் அங்கேதான் இருக்கிறது.

இன்னொன்று, அறிவித்த தொகையும் கொடுத்த தொகையும் ஒன்றுபோலப் பேசப்படுகின்றன. 2005-ல் ஸ்காட்லாந்தின் கிளெனீகிள்ஸில் கூடிய ஜி8 (எட்டு முக்கியத் தொழில்வள நாடுகளின் குழு) தலைவர்கள், 2010-க்குள் ஆண்டு உதவியை 5,000 கோடி டாலர் கூட்டுவதாகச் சொன்னார்கள். தாள் இதை இயக்கத்தின் மாபெரும் சாதனை என்கிறது. அந்தத் தொகை முழுதாக வந்து சேரவில்லை என்பதற்கு ஒரு வரி கூட இல்லை. கணக்குப் பிள்ளைக்கு இது பொறுக்காது. வாக்குறுதி வாங்குவது பாதி வேலை, வசூலிப்பது மீதி. பிரிட்டனைப் பாருங்கள். தேசிய வருமானத்தில் 0.7 சதவீதம் உதவிக்கு என்று 2015-ல் சட்டமே போட்டார்கள். 2021-ல் அது 0.5 ஆனது. 2027-க்குள் 0.3 ஆக்கப் போவதாக 2025 பிப்ரவரியில் அறிவிப்பு. சட்டப் புத்தகத்தில் இருந்த தொகைக்கே இந்தக் கதி என்றால், மேடையில் சொன்னதை யார் துரத்துவது?

சரி, பயிற்சிக்கு வருகிறேன். இதற்காகவே சேரலாம். நடத்தியவர் பல ஆண்டுகள் ஓர் எம்.பி.யின் அலுவலகத்தில் வேலை பார்த்தவர், கடிதங்கள் குப்பைத் தொட்டிக்குப் போகும் பாதை அவருக்கு அத்துப்படி. அவர் முதலில் செய்தது, எங்கள் கோரிக்கைகளை வாங்கிச் சிவப்பு மை போட்டதுதான். "வறுமையை ஒழிக்க ஆதரவு தாருங்கள்" என்று ஒருவர் எழுதியிருந்தார். "தருகிறேன் என்று சொல்லிவிட்டு அவர் மதியச் சாப்பாட்டுக்குப் போய்விடுவார், அப்புறம் நீங்கள் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டார். எந்த நிதி, எவ்வளவு தொகை, எந்தத் தேதிக்குள், எந்த அமைச்சருக்கு அவர் கடிதம் எழுத வேண்டும்: இவை நான்கும் இல்லாத கோரிக்கை கோரிக்கையே இல்லை என்பது அவர் வாதம். ஒன்றரை நிமிடத்தில் சொல்லி முடிக்கும்வரை ஒவ்வொருவரையும் விடவில்லை.

சந்திப்பில் எம்.பி. இல்லை, உதவியாளர்தான் இருந்தார். அது நல்லதாகப் போயிற்று, குறிப்பு எழுதுபவர் அவர்தானே. எதிர்பார்த்த கேள்வி வந்தது: "நம் நாட்டிலேயே கஷ்டப்படுகிறவர்கள் இருக்கும்போது வெளியே ஏன் கொடுக்க வேண்டும்?" தாளில் இதற்கு ஒரு பதில் இருக்கிறது. அமெரிக்காவில் கருத்துக்கணிப்பு எடுத்தால், மத்திய பட்ஜெட்டில் நான்கில் ஒரு பங்கு வெளிநாட்டு உதவிக்குப் போவதாக மக்கள் சராசரியாக நினைக்கிறார்கள், உண்மையில் அது சுமார் 1 சதவீதம்தான் என்று. உண்மைதான். ஆனால் கேட்பவரை அறியாதவர் ஆக்கும் பதில் அது. பயிற்சியாளர் சொன்னபடி, உள்ளூர்க் கஷ்டத்தை ஒப்புக்கொண்டு தொடங்கினோம். பிறகு 2003-ல் அமெரிக்க அதிபர் ஜார்ஜ் புஷ் எய்ட்ஸ் ஒழிப்புக்கு ஐந்து ஆண்டில் 1,500 கோடி டாலர் கேட்டதையும் இரு கட்சிகளும் சேர்ந்து அதை நிறைவேற்றியதையும் சொன்னோம். உதவியாளர் கட்சி வேறுபாடு பற்றி மேலும் கேட்டார். பேனாவைக் கையில் எடுத்தது அப்போதுதான்.

ஊழல் பற்றிய கேள்விக்குத்தான் தாள் கைவிடுகிறது. "கடுமையான கண்காணிப்பு உண்டு" என்று ஒரு வழவழப்பான வாக்கியம், அவ்வளவே. நிர்வாகச் சீர்கேடு காரணமாக 2005-ல் குளோபல் ஃபண்ட் உகாண்டாவுக்கான தன் நிதியை நிறுத்தி வைத்தது, சில மாதங்களில் ஏற்பாடுகளை மாற்றிய பிறகே மீண்டும் திறந்தது. இதை ஏன் ஒளிக்க வேண்டும்? கண்காணிப்பு வேலை செய்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்குமா? நான் என் கைக்குறிப்பில் இருந்து எடுத்துச் சொன்னேன்.

மின்னஞ்சல்கள் தொல்லை. எல்லாமே "கடைசி வாய்ப்பு". 2025 நவம்பரில் ஜோகன்னஸ்பர்க் கூட்டத்தில் குளோபல் ஃபண்டுக்கு 1,800 கோடி டாலர் இலக்கு வைத்து 1,134 கோடிக்குத்தான் அறிவிப்பு வந்தது. உண்மையிலேயே அவசரமான செய்தி. அதுவும் ஒரு கையெழுத்து வேட்டை மின்னஞ்சலும் ஒரே தலைப்பில் வந்தால் நான் எதைத் திறப்பேன்?

பேசக் கூச்சமுள்ளவர்களுக்கு இந்தப் பயிற்சி நல்லது, குழுவாகத்தான் போவீர்கள். ஒரு பொத்தானை அழுத்திவிட்டு நிம்மதியாக இருக்க விரும்புகிறவர்கள் சேர்ந்து பயனில்லை. சேர்கிறவர்கள் பதிவுப் படிவத்தின் கடைசியில் இருக்கும் "எல்லா அறிவிப்புகளும்" என்ற கட்டத்தில் டிக்கை எடுத்துவிட்டு, "பயிற்சியும் சந்திப்பும்" என்பதை மட்டும் விட்டுவையுங்கள். தகவல் தாள்களை அச்சடித்ததும் ஒவ்வோர் எண்ணுக்கும் பக்கத்தில் அது எந்த ஆண்டுக்குரியது என்று பேனாவால் எழுதிக்கொள்ளுங்கள். சந்திப்பு முடிந்து இரண்டு வாரத்தில் உதவியாளரை நீங்களே கூப்பிட்டு, அமைச்சருக்குக் கடிதம் போயிற்றா என்று கேளுங்கள். அமைப்பு அதை நினைவூட்டுவதில்லை.