ஸ்பின் எக்கோவா, ஃபோட்டான் எக்கோவா?

கலைஞ்சு போன சிக்னலைத் திரும்ப வரவைக்குற முறைகள் இவை, இதுல எதைப் படிக்கலாம்? அடிப்படை ரெண்டுக்கும் ஒண்ணுதான். முதல் பல்ஸ் (சட்டுனு ஒரு அலைத்துடிப்பு) அடிச்சதும் அணுக்கள் எல்லாம் ஒண்ணா கிளம்புது, ஆனா ஒவ்வொண்ணும் லேசா வேற வேற வேகத்துல சுத்துறதால சிக்னல் கலைஞ்சுடும், அப்போ ரெண்டாவது பல்ஸ் குடுத்தா முந்தினது பிந்தி, பிந்தினது முந்தின்னு ஆகி, அதே அளவு நேரம் கழிச்சு எல்லாம் மறுபடி ஒண்ணு சேரும், அதான் எக்கோ.

ஸ்பின் எக்கோ 1950ல எர்வின் ஹான் பண்ணது, இங்க சுத்துறது அணுக்கருவோட ஸ்பின் (அதைக் குட்டி காந்தம் மாதிரி ஆக்குற குணம்), அடிக்குற பல்ஸ் ரேடியோ அலை. எம்ஆர்ஐ ஸ்கேன்ல இது சர்வசாதாரணம், க்யூபிட் (குவாண்டம் கணினியோட தகவல் அலகு) சீக்கிரம் கலையாம பாத்துக்கவும் இதே ட்ரிக்தான்.

ஃபோட்டான் எக்கோ 1964ல ரூபி கிரிஸ்டல்ல லேசர் வச்சு பாத்தது. இங்க திரும்பி வர்றது வெளிச்சம்! அப்போ குவாண்டம் மெமரிக்கு (ஒரே ஒரு ஃபோட்டானை, அதாவது வெளிச்சத் துகளை, சேமிச்சு திரும்ப எடுக்குறதுக்கு) இதுதானேன்னு தோணும் (எனக்கும் தோணுச்சு), ஆனா ரெண்டாவது பல்ஸ் அணுக்களை மேல் நிலைக்கு ஏத்தி விட்டுடுது, அதுங்க பாட்டுக்கு வெளிச்சம் விட, அந்த இரைச்சல்ல நாம சேமிச்ச ஒத்த ஃபோட்டான் அமுங்கிப் போயிடும். அதனால மெமரிக்கு இதையே மாத்தி அமைச்ச முறைகளைத்தான் அருமண் (எர்பியம் மாதிரி உலோகங்கள்) அயனி கலந்த கிரிஸ்டல்ல ட்ரை பண்றாங்க.

இன்னைக்கு வேலைக்கு ஆகுறதுன்னா கண்ண மூடிட்டு ஸ்பின் எக்கோதான், குவாண்டம் நெட்வொர்க் (ஃபோட்டான் வழியா குவாண்டம் தகவல் அனுப்புற வலை) பக்கம் ஆசை இருந்தா ஃபோட்டான் எக்கோவைப் படிங்க.