ஒட்டே இல்லாத ஒட்டுக் கன்னு: 6,850 ரூபா போச்சு, நீங்களாவது பார்த்து வாங்குங்க

நேத்து சாயங்காலம் மா கன்னுல சுத்தியிருந்த டேப்பைப் பிளேடால கீறிப் பிரிச்சப்பதான் விஷயம் முழுசா விளங்குச்சு. கோபம் இன்னும் அடங்கல, எழுத்து முன்னபின்ன இருந்தா பொறுத்துக்கோங்க. ஆன்லைன்ல செடி விக்கிற ஒரு பக்கம். பேர் சொல்லப் போறதில்ல, இதே வேலையைச் செய்றவங்க இன்னும் நிறைய பேர் இருக்காங்க. நாலு ஒட்டு மா (வேர்ச்செடின்னு சொல்ற விதைக் கன்னு மேல நல்ல மரத்துக் குச்சியைப் பொருத்திக் கட்டினது), ரெண்டு பதியன் கொய்யா (கிளையில பட்டையை உரிச்சு, மரத்துல இருக்கும்போதே வேர் விட வச்சு வெட்டினது), இலையில வெள்ளை ஓடின மான்ஸ்டெரா அழகுச்செடியோட கட்டிங் (வெட்டின துண்டு) ஒண்ணு. அனுப்புற செலவோட மொத்தம் 6,850. எப்படிப் பார்த்து வாங்கணும்னு கடைசியில விவரமா எழுதுறேன்.

மலிவா கிடைக்குதேன்னு விழல. தொழில் தெரிஞ்ச பேச்சுல விழுந்தது. "குச்சி எடுக்கிறதுக்குப் பத்து நாள் முன்னாடியே இலையைக் கிள்ளி விட்டுடுவோம், காம்பு மட்டும் நிக்கும், அது தானா உதிர்ந்து நுனி மொட்டு உப்பினப்புறம்தான் வெட்டுவோம்"னு சொன்னாங்க. சரியான முறை அதுதான். மூணு நாலு மாசம் முதிர்ந்த குச்சி, வேர்ச்செடியோட அதே கனம், நாலஞ்சு சென்டிமீட்டர் ஆப்பு வெட்டு, எல்லாத்தையும் கரெக்டா ஒப்பிச்சாங்க. ஒட்டு சேர்ந்த இடத்தைக் கிட்டத்துல போட்டோ எடுத்து அனுப்பினாங்க. மாடியா தரையா, மதிய வெயில் எத்தனை மணி நேரம் விழும்னு விசாரணை வேற. இவ்வளவு கேட்கிறவன் ஏமாத்துவான்னு யாருக்குத் தோணும்? 6,850-ஐ அனுப்பியாச்சு. அந்த போட்டோ வேற ஏதோ செடியோடது.

முதல்ல மண்டையைப் போட்டது கொய்யா. அஞ்சாம் நாள் இலை சுருண்டு கொட்ட ஆரம்பிச்சது. கேட்டா, "இடம் மாறினா அப்படித்தான், 15 நாள் பொறுங்க." பொறுத்தா குச்சிதான் மிச்சம். பிடுங்கிப் பார்த்தா, பதியன் கட்டின பாலித்தீனைக்கூடப் பிரிக்காம அப்படியே பையில நட்டிருக்கான். உள்ளே தேங்காய் நார்த்தூள் உருண்டை, அதுக்குள்ள ஒரு வேர்கூட இல்ல. வெட்டுவாய்ல வெள்ளையா ஒரு தழும்புக் கட்டி, அவ்வளவுதான். பட்டையை ஒரு சென்டிமீட்டருக்குத்தான் உரிச்சிருக்கான், அதுலயும் ஒரு பக்கம் நூல் மாதிரி பட்டை ஒட்டிக்கிட்டே இருக்கு. இலை தயாரிக்கிற உணவு பட்டை வழியாத்தான் கீழே இறங்கும். ரெண்டு மூணு சென்டிமீட்டருக்குச் சுத்திலும் முழுசா உரிச்சு, அடியில இருக்கிற வழவழப்பையும் சுரண்டி விட்டாத்தான் அந்த உணவு வெட்டுக்கு மேல தேங்கி வேரா வெடிக்கும். ஒரு நூல் பட்டை மிச்சமிருந்தா போதும், உணவு அது வழியா இறங்கிடும், வேர் வராது. ஆனா கிளை மரத்துல இருக்கிற வரைக்கும் ஜம்முனு பச்சையா நிக்கும். வெட்டி பெட்டியில போட்டு அனுப்புற நாலு நாளும் தாங்கும். அவனுக்கு அது போதும்.

போட்டோ அனுப்பினேன். "தண்ணி அதிகமா ஊத்தியிருக்கீங்க." வேரே இல்லாத குச்சிக்கு எவ்வளவு ஊத்தினா என்னன்னு கேட்டேன். உடனே வேற பாட்டு: "பெட்டி பிரிச்ச வீடியோ இருக்கா? 48 மணி நேரத்துக்குள்ள சொல்லியிருக்கணுமே." 15 நாள் பொறுக்கச் சொன்னதும் இதே ஆள்தான்! இதுதான் இந்தத் தொழிலோட சூட்சுமம். 48 மணி நேரத்துல வெளியே தெரியிற கோளாறு எதையும் இவங்க விக்கிறதில்ல.

மான்ஸ்டெராவைப் பாருங்க. இலை இன்னும் பளபளன்னு இருக்கு, அடியில ரெண்டு வேர்கூட விட்டிருக்கு. "வேர் வந்துடுச்சுல்ல, அப்புறம் என்ன?"ன்னு கேட்கிறான். வந்தது வெறும் இலையும் காம்பும். கணு, அதாவது தண்டுல காம்பு முளைக்கிற முடிச்சு, இல்ல. புதுத்தளிர் வர்ற மொட்டு கணுவுலதான் இருக்கும், காம்புல கிடையாது. வேரோட பல மாசம் உயிரா இருக்கும், ஒரு இலைகூடப் புதுசா விடாது. கணு இருந்தாலும் தண்டுலயே வெள்ளைக் கோடு ஓடலன்னா அடுத்த இலை வெறும் பச்சையா வர்றதுக்குத்தான் வாய்ப்பு அதிகம். அந்தப் பேச்சுக்கே இங்க இடமில்லாம போச்சு.

இப்ப மா. ஒட்டு சேர்ந்ததும் டேப்பைப் பிரிச்சாகணும், விட்டா தண்டை இறுக்கி வெட்டிடும். அதுக்காகத்தான் நேத்து பிரிச்சேன். உள்ளே ஒட்டே இல்ல. பட்டை மேலயும் கீழயும் ஒரே நிறம், ஒரே வழவழப்பு. நடுவுல பிளேடால இழுத்த மூணு சென்டிமீட்டர் கீறல் ஒண்ணு, ஆறித் தழும்பாயிருக்கு. அதாவது விதைக் கன்னைக் கீறி, பச்சை டேப்பைச் சுத்தி, ஒட்டுன்னு வித்திருக்கான். சந்தேகம் தீரட்டும்னு ஒரு கன்னை வெட்டி நெடுக்கப் பிளந்து பார்த்தேன். தண்டு நடுவுல ஓடுற மெத்துன்னு இருக்கிற சோறு அடியில இருந்து நுனி வரைக்கும் அறுபடாம ஒரே கோடா போகுது. நிஜ ஒட்டா இருந்தா அந்த இடத்துல சோறு அறுபட்டு, ஆப்பு இறங்கின தடம் பழுப்புக் கோடா தெரியும். வெளியே ரெண்டு பக்கமும் சாய்வான தழும்பு, லேசா ஒரு வீக்கம், மேலயும் கீழயும் பட்டையில வித்தியாசம்னு எல்லாம் இருக்கும்.

இதையும் அனுப்பினேன். "விதைக் கன்னும் காய்க்கும்தானே சார்"ன்னு பதில். காய்க்கும், யார் இல்லைன்னா? நல்ல ஒட்டு மூணு நாலு வருஷத்துல காய்க்கும். விதைக் கன்னுக்கு ஆறு, ஏழு, சமயத்துல பத்து வருஷம்கூட ஆகும். ஒற்றைக் கரு ரகமா (ஒரு கொட்டையில ஒரே கரு இருக்கிறது) இருந்தா வர்ற பழம் தாய்மரம் மாதிரி இருக்காது, நாரும் புளிப்புமா எதுவும் வரலாம். பத்து வருஷம் கழிச்சு யார்கிட்ட போய்க் கேட்கிறது? அதை எழுதி அனுப்பினேன், பிளாக் பண்ணிட்டான். 6,850-ல ஒரு காசு திரும்ப வரல.

விவரமா எழுதுறேன்னு சொன்னேன், கை ஓட மாட்டேங்குது. அவசரத்துக்கு இதை மட்டும் வச்சுக்கோங்க:

டேப் சுத்தின மா கன்னை டேப்பைப் பிரிச்சுக் காட்டச் சொல்லுங்க. மாட்டேன்னா வாங்காதீங்க.

பதியன்னா பாலித்தீன் வழியா பழுப்பேறிக் கிளைச்ச வேர் கண்ணுக்குத் தெரியணும். வெள்ளையா ரெண்டு இழை மட்டும் தெரிஞ்சா அது அவசரப்பட்டு வெட்டினது.

கட்டிங்னா கணுவைக் காட்டின போட்டோ, அன்னைக்குத் தேதி எழுதின சீட்டோட.

"15 நாள் பொறுங்க"ன்னு சொன்ன நிமிஷமே புகாரை எழுத்துல போட்டுடுங்க.

மிச்சம் மூணு மா கன்னையும் தூக்கிப் போடல. தண்டு பென்சில் கனத்துக்கு வந்தாச்சு, நல்ல மரத்துக் குச்சி கிடைச்சா ஒட்டு கட்டிக்கலாம். 6,850 குடுத்து மூணு வேர்ச்செடி வாங்கியிருக்கேன்னு கணக்கு எழுத வேண்டியதுதான்.