புதுச்சேரி–பெங்களூரு விமானம்: ஒரு வருடம் போய் வந்த பிறகு

"பெங்களூருக்கு அரை மணி நேரத்துல போயிடலாமாமே?" என்று கடலூர் திருப்பாதிரிப்புலியூர் நண்பர் போன வாரம் கேட்டார். அவர் மகன் பெங்களூரின் தெற்குக் கோடியில் எலெக்ட்ரானிக் சிட்டியில் இருக்கிறான்.

அந்த அரை மணிக் கணக்கு எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். புதுச்சேரி விமான நிலையம் இருக்கும் லாஸ்பேட்டையிலிருந்து பெங்களூரு விமான நிலையம் இருக்கும் தேவனஹள்ளிக்கு நேர்கோட்டில் சுமார் 265 கிலோமீட்டர். இங்கே ஓடும் ஏடிஆர் என்கிற சின்ன விசிறி விமானம் உயரத்துக்குப் போனபின் மணிக்கு 500 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும். வகுத்தால் 32 நிமிடம். ஆனால் ஏறும்போது அந்த வேகம் வராது. கடல் பக்கமாகக் கிளம்பினால் வளைந்து மேற்கே திரும்ப வேண்டும். பெங்களூரில் இறங்க வரிசையில் காத்திருக்கவும் வேண்டும். நான் கைக்கடிகாரத்தில் பார்த்தவரை, சக்கரம் தூக்கியதிலிருந்து தரை தொடும் வரை 50 நிமிடம் ஆகிறது. டிக்கெட்டில் ஒன்றேகால் மணி போட்டிருப்பார்கள், அதுதான் நியாயமான கணக்கு.

2024 டிசம்பரில் சேவை மறுபடி தொடங்கியபின் அம்மாவைப் பெங்களூரின் வடக்கே எலஹங்காவில் இருக்கும் தங்கை வீட்டுக்கு இதில்தான் அழைத்துப் போகிறேன். விமானத்தைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. பின்பக்கக் கதவில் ஐந்தாறு படிதான். முட்டி வலியோடு அம்மா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு தானே ஏறிவிடுகிறார். இறக்கை கூரைமேல் இருப்பதால் ஜன்னலில் தரை முழுக்கத் தெரியும். ஜனவரியில் ஒருநாள் மேகமே இல்லை. இடது பக்கம் தூரத்தில் திருவண்ணாமலை மலை தனியாக நின்றது. அம்மா கண்ணாடியில் நெற்றியை வைத்துக் கும்பிட்டார். வயதானவர்களை ராத்திரி முழுக்க பஸ்ஸில் உட்கார வைத்தவர்களுக்கு அந்தப் பயணம் எவ்வளவு பெரிது என்று புரியும்.

என் கோபமெல்லாம் தரைமேல்தான். கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டிலிருந்து லாஸ்பேட்டை 25 கிலோமீட்டர் சொச்சம். கிருமாம்பாக்கம் வரை சரி. தவளக்குப்பம் தாண்டினால் வண்டி நகர மறுக்கிறது. அரியாங்குப்பம், முருங்கப்பாக்கம், அப்புறம் மரப்பாலம் சிக்னல். போன மாதம் மரப்பாலத்தில் மூன்று முறை பச்சை விழுந்தும் எங்கள் கார் சிக்னல் கோட்டைத் தொடவில்லை. முன்னால் ஒரு செங்கல் லாரி, பக்கத்தில் ஸ்கூல் வேன், அம்மா கையில் ஆதார் அட்டை. நான் நிமிடத்தை எண்ணிக்கொண்டிருந்தேன். புறப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பே விமான நிலைய செக்-இன் கவுண்டரை மூடிவிடுவார்கள். நான்கு நிமிடம் மிச்சம் இருக்கும்போது போய்ச் சேர்ந்தோம். அந்த 25 கிலோமீட்டருக்கு ஒரு மணி இருபது நிமிடம்! ஆகாயத்தில் 265 கிலோமீட்டருக்கு ஆனதைவிட அதிகம். இத்தனை வருடமாக இந்தச் சாலையில் இதே கதைதான், விமானச் சேவையைத் தொடங்கியவர்கள் இதையும் பார்த்திருக்க வேண்டாமா?

அதனால் நண்பரிடம் சொன்னேன்: பஸ்ஸில் போங்க. உங்களுக்கு அதுதான் சரி. திருவண்ணாமலை, கிருஷ்ணகிரி, ஓசூர் வழியாகப் போகிற பஸ் எலெக்ட்ரானிக் சிட்டி வாசலிலேயே இறக்கிவிடும். விமானத்தில் போனால் ஊருக்கு வடக்கே இறங்கி, பெங்களூரு நெரிசலைக் குறுக்கே கடந்து 50 கிலோமீட்டருக்கு மேல் தெற்கே வரணும். வீட்டிலிருந்து வீடு கணக்குப் பார்த்தால் ஆறு மணி நேரம் ஆகிவிடும்.

அதையும் மீறி டிக்கெட் எடுத்தால், போகும்போது இடது ஜன்னல் சீட் கேளுங்கள். விமானப் புறப்பாட்டுக்கு மூன்று மணி நேரம் முன்பே வீட்டிலிருந்து கிளம்பிவிடுங்கள்.