வின்ச் நின்றுபோனால்: மோட்டாரைக் கழற்றுவதா, மீட்டரைப் பிடிப்பதா?

மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மீன்பிடித் தடை. 61 நாள் கட்டிப்போட்ட படகை அவிழ்த்த முதல் வாரமே எங்களுக்கு இது நடந்தது. தேங்காப்பட்டணம் முகத்துவாரத்துக்கு வெளியே நங்கூரம் போட்டு, மணல்திட்டின் மேல் தண்ணீர் ஏறக் காத்துக் கிடந்தோம். தண்ணீர் ஏறியது. அணியத்தில், அதாவது படகின் முன்முனையில் நின்ற மருமகன், நங்கூரம் தூக்கும் மின்சார வின்சின் சுவிட்சை அமுக்கினான். ‘டிக்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான்.

“மாமா, மோட்டார் போச்சு” என்றான் அவன். “மோட்டார் ஒண்ணும் போகல, பேட்டரி இறங்கியிருக்கும்” என்றார் டிரைவர். நாலு பேர் சேர்ந்து கையால் இழுத்து நங்கூரத்தை ஏற்றினோம். கரைக்கு வந்ததும் மருமகன் பேச்சைக் கேட்டு மோட்டாரைக் கழற்றி நாகர்கோவிலில் காயில் கட்டும் கடையில் கொடுத்தேன். ஐந்து நாள் ஆனது. புது கார்பன் பிரஷ், புது பேரிங் எல்லாம் போட்டுத் திரும்பி வந்தது. மாட்டிச் சுவிட்சை அமுக்கினால் மறுபடியும் அதே ‘டிக்’.

பழுது சோலனாய்டில் இருந்தது. சுவிட்சை அமுக்கியதும் ‘டிக்’ என்று மோட்டாருக்குப் பெரிய கரண்டைத் திறந்துவிடும் பெட்டி அது. இன்னும் சரியாகச் சொன்னால், அதன் போல்ட்டில் மாட்டியிருந்த லக்கில், அதாவது வயர் முனையில் அழுத்திப் பிடித்த உலோக வளையத்தில். வெளியே பார்த்தால் நன்றாகத்தான் இருந்தது. மேலே சுற்றியிருந்த டேப்பை உரித்தபோது வயர் முழுக்கப் பச்சைப் பொடி. லேசாக இழுத்ததும் உள்ளே இருந்த செம்பு நூலில் பாதி கையோடு வந்துவிட்டது. அன்றிலிருந்து வின்ச் நின்றால் எதில் ஆரம்பிப்பது என்பதில் எனக்குத் தெளிவான கட்சி உண்டு.

முதலில் டெஸ்ட் பல்பும் மீட்டரும். எங்கள் பக்கம் எல்லாப் படகிலும் இரண்டு வயர் முளைத்த ஒரு பல்பு கிடக்கும். எரிந்தால் கரண்ட் வருகிறது, எரியாவிட்டால் வரவில்லை என்று முடிவு கட்டிவிடுவோம். உள்விளக்கு, ஹார்ன் மாதிரி வேலைக்கு அது போதும். வின்சுக்கு அது பொய் சொல்லும். 21 வாட் பல்பு 12 வோல்ட்டில் 2 ஆம்பியர்கூட எடுக்காது. வயரில் நாலு நூல் மட்டும் மிச்சம் இருந்தாலும் ஜோராக எரியும். 1,000 வாட் வின்ச் மோட்டார் கேட்பதோ 80 ஆம்பியருக்கு மேல். அந்த நாலு நூலால் அதைத் தாங்க முடியுமா?

மீட்டரும் ஏமாற்றும், பிடிக்கத் தெரியாவிட்டால். மோட்டார் வயரைக் கழற்றிவிட்டு முனையில் வைத்தால் 12.6 வோல்ட் காட்டும். நம் ஆளும் ‘சப்ளை சரியாக இருக்கிறது’ என்று மோட்டாரைத் தூக்கிக்கொண்டு போவார். நான் செய்ததும் அதுதான். எல்லாம் மாட்டியபடி இருக்க, ஒருவர் சுவிட்சை அமுக்கிப் பிடிக்க, அந்த நேரத்தில் அளக்க வேண்டும். முதலில் பேட்டரியின் இரண்டு முனைகளில். அங்கேயே 9க்குக் கீழே விழுந்தால் டிரைவர் சொன்னது சரி, பேட்டரியைப் பாருங்கள். பேட்டரி 12ல் நிற்க, மோட்டார் முனையில் 7, 8 என்று வந்தால் நடுவில் எங்கோ தின்கிறது. மோட்டார் முனை வரைக்கும் 11, 12 வந்தும் அது சுற்றவில்லை என்றால் மட்டுமே மோட்டாரைக் குறை சொல்லலாம்.

எங்கே தின்கிறது என்று பிடிப்பதும் எளிதுதான். மீட்டரின் ஒரு ஊசியை சோலனாய்டின் போல்ட்டிலும், இன்னொன்றை அதில் மாட்டிய வயரின் செம்பிலும் வைத்துச் சுவிட்சை அமுக்குங்கள். நல்ல இணைப்பில் கிட்டத்தட்ட பூஜ்யம் காட்டும். எங்கள் லக்கில் 4 வோல்ட்டுக்கு மேல் காட்டியது. சில விநாடிக்கு மேல் அமுக்கிப் பிடிக்க வேண்டாம். பிறகு லக்கை விரலால் தொட்டாலே தெரியும், பழுதுள்ள இடம் சூடாக இருக்கும். நெகட்டிவ் பக்கத்தையும் இதே மாதிரி பாருங்கள். எல்லாரும் பாசிட்டிவ் வயரை மட்டும் தடவிவிட்டு எழுந்துவிடுகிறார்கள்.

மூன்றாவதாக ஸ்பேனர் வைத்தியம் ஒன்று உண்டு. சோலனாய்டின் இரண்டு பெரிய போல்ட்டுக்கும் குறுக்கே ஸ்பேனரை வைத்துத் தொடுவது. மோட்டார் சுற்றினால் சோலனாய்டு போச்சு என்று அர்த்தம். பதில் அரை நிமிடத்தில் கிடைக்கும், அதை மறுக்கவில்லை. ஆனால் 80 ஆம்பியர் பொறி கண்ணுக்கு நேரே பறக்கும், ஸ்பேனர் ஒட்டிக்கொண்டாலும் ஒட்டிக்கொள்ளும். சார்ஜ் ஏறும் பேட்டரிக்குப் பக்கத்தில் ஹைட்ரஜன் வாயு இருக்கும், அங்கே இந்த வேலையை நினைக்கவே கூடாது. அவசரம் என்றால் பேட்டரியிலிருந்து தனியாகக் கனத்த ஜம்பர் கேபிள் கொண்டுவந்து, வின்சின் கிளட்சைத் தளர்த்திவிட்டு, செயினில் யார் கையும் இல்லை என்று பார்த்துக்கொண்டு மோட்டாருக்குக் கொடுத்துப் பாருங்கள். கடைசி இணைப்பைப் பேட்டரியிலிருந்து விலகிய இடத்தில் கொடுங்கள்.

சோலனாய்டைச் சுத்தம் செய்வதா, மாற்றுவதா? ‘டிக்’ சத்தமே வராவிட்டால் முதலில் அதைத் தொடாதீர்கள். பெரும்பாலும் கால் சுவிட்சுக்குள் உப்புத் தண்ணீர் இறங்கியிருக்கும், அல்லது அதற்குப் போகும் சின்ன வயரோ ஃபியூஸோ போயிருக்கும். சத்தம் வருகிறது, உள்ளே வரும் பக்கம் 12, வெளியே போகும் பக்கம் ஒன்றுமில்லை என்றால் உள்ளே காண்டாக்ட் கருகிவிட்டது. திறக்க முடிகிற வகை என்றால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துக் கரை வந்து சேரலாம், அதற்கு மேல் அதை நம்ப மாட்டேன். களியக்காவிளையில் லாரி ஸ்டார்ட்டர் சோலனாய்டு மலிவாகக் கிடைக்கிறதே என்று ஒரு நண்பர் அதைப் போட்டார். ஸ்டார்ட்டர் சில விநாடி வேலை செய்வது, வின்ச் தொடர்ந்து சில நிமிடம் ஓடுவது. இரண்டாம் மாதமே காயில் வெந்துவிட்டது. அதோடு அது ஒரு திசைக்கு மட்டும்தான், இறக்குவதற்கு இன்னொன்று வேண்டும். வின்சுக்கென்றே வரும் இருதிசை சோலனாய்டுதான் கடைசியில் லாபம்.

மோட்டாரே போயிருந்தால்? சுவிட்சை அமுக்கியபடி மரச்சுத்தியால் மோட்டார் உடம்பில் லேசாகத் தட்டிப் பாருங்கள். சுற்ற ஆரம்பித்தால் கார்பன் சிக்கியிருக்கிறது, அதை மாற்றினால் போதும். உள்ளே காந்தம் ஒட்டிய வகையில் துருப்பிடித்துக் காந்தம் பெயர்ந்திருந்தால் காயில் கட்டும் கடைக்காரர் ஒன்றும் செய்ய முடியாது, புதுசுதான்.

சரி, இனி கேபிள். படகு வாங்கியபோது 16 சதுர மில்லிமீட்டர் கேபிள்தான் போட்டிருந்தார்கள். எஞ்சின் அறையிலிருந்து அணியம் 12 மீட்டர், போக வர 24. 100 ஆம்பியர் ஓடினால் வழியிலேயே 2.6 வோல்ட் போய்விடும். 35 சதுர மில்லிமீட்டர் என்றால் 1.2, 50 என்றால் 0.85 வோல்ட்தான். நல்ல லக் போட்டும் எங்கள் வின்ச் முக்கி முனகித்தான் இழுத்தது, காரணம் இதுதான். அணியத்திலேயே தனி பேட்டரி வைக்கலாம் என்பது டிரைவரின் யோசனை. கேபிள் செலவு மிச்சம்தான். ஆனால் கடலில் அதிகம் குதிப்பது அணியம்தான், பேட்டரி அங்கே சீக்கிரம் கெடும், காற்றோட்டமும் வைக்க வேண்டும். வெல்டிங் கேபிள் போடச் சொன்னவர்களும் உண்டு. வளைக்க எளிது, விலையும் குறைவு, ஆனால் அதன் மெல்லிய நூல்களில் உப்பு இன்னும் வேகமாக ஏறும். செம்பு நூலில் வெள்ளீயம் பூசிய 50 சதுர மில்லிமீட்டர் கேபிளே போட்டேன். விலை கேட்டு வீட்டில் முணுமுணுத்தார்கள்.

இதெல்லாம் செய்தும், நங்கூரம் எடுக்கும்போது எஞ்சின் ஓட வேண்டும், படகு மெல்ல முன்னேறிச் செயினைத் தளர்த்த வேண்டும். படகையே இழுக்கும் வேலையை வின்சுக்குக் கொடுத்தால், கரண்ட் மீறினால் இணைப்பைத் துண்டிக்கும் பிரேக்கர் விழும். விழுந்த பிரேக்கரை உடனே தூக்கித் தூக்கிப் போடுவது மருமகனின் பழக்கம். கையால் சுற்றும் கைப்பிடி வின்சோடு வந்திருந்தது. அன்று அது தூத்தூர் வீட்டில் மாடிப்படிக்குக் கீழே இருந்தது. இப்போது அணியத்திலேயே கட்டி வைத்திருக்கிறோம்.