காய்ச்சலுக்கு ரத்தம் பார்க்க நான் போகும் சின்ன லேப்

எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், மாடிப்படிக்குக் கீழே இருக்கிறது இந்த லேப். உட்கார ஒரே பெஞ்சு, ஏசி கிடையாது, காலையில் போனால் அரை மணி நேரமாவது நிற்க வேண்டும். இருந்தாலும் தெரிந்தவர்களை எல்லாம் இங்கேதான் அனுப்புகிறேன். போன மாதம் நடந்ததுதான் காரணம்.

அப்பாவுக்கு 68 வயது, சர்க்கரை உண்டு. காய்ச்சல் வந்த அன்றே, வீட்டுக்கு வந்து ரத்தம் எடுக்கும் ஒரு ஆப்பில் பெரிய பேக்கேஜாகப் புக் செய்தேன். மறுநாள் மதியம்தான் ரிப்போர்ட் வந்தது, பதினைந்து பக்கம். வெள்ளையணு 3,600, தட்டணு 1,40,000, இரண்டும் சிவப்பில். டெங்குவாக இருக்கும், இல்லையென்றால் வைரல், இளநீர் கொடு என்று ஆளாளுக்குச் சொன்னார்கள், நானும் நம்பிவிட்டேன். சாயங்காலம் பல் கிட்டும் அளவுக்குக் குளிர் நடுக்கம். டாக்டர் கவுண்ட்டைத் திரும்பப் பார்க்கச் சொல்லிச் சீட்டு எழுதித் தர, இங்கே வந்தோம்.

மெஷினில் வெள்ளையணு 3,100 வந்தது. லேப் அக்கா அதோடு விடவில்லை. மெஷின் சந்தேகக் குறி காட்டுகிறது என்று ஒரு சொட்டு ரத்தத்தை ஸ்லைடில் இழுத்து, சாயம் போட்டு, மைக்ரோஸ்கோப்பில் நூறு அணுக்களை ஒவ்வொன்றாக எண்ணினார். அப்புறம் என்னையும் கூப்பிட்டுக் காட்டினார். முதிர்ந்த நியூட்ரோபிலில் (ஒருவகை வெள்ளையணு) கரு மூன்று நான்கு துண்டாகப் பிரிந்திருக்குமாம். இதில் பல அணுக்களில் அது லாடம் மாதிரி வளைந்து ஒரே துண்டாகக் கிடந்தது, சுற்றிலும் கருநீலப் புள்ளிகள். இந்த முற்றாத ‘பேண்ட்’ அணுக்கள் 22 சதவீதம். 10-ஐத் தாண்டினாலே, மொத்தக் கவுண்ட் எப்படி இருந்தாலும் பாக்டீரியா கிருமி பெரிதாகப் பிடித்திருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும் என்றார். அணுக்கள் செலவாகிற வேகத்துக்கு எலும்பு மஜ்ஜையால் ஈடுகொடுக்க முடியாதபோது முற்றாததையும் வெளியே அனுப்பிவிடுமாம், கவுண்ட் ஏறாமல் இறங்கிக் கிடப்பதும் அதனால்தானாம்.

ரிப்போர்ட் பிரிண்ட் ஆவதற்கு முன்பே அவரே டாக்டருக்குப் போன் போட்டுச் சொன்னார், அதை நான் மறக்க மாட்டேன். அன்று இரவே அட்மிட். ஆன்டிபயாடிக் ஏற்றுவதற்கு முன் கல்ச்சருக்கு, அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு, ரத்தம் எடுத்தார்கள், ஈ.கோலி என்ற பாக்டீரியா வளர்ந்தது. சிறுநீர்த் தொற்று ரத்தத்துக்கு ஏறியிருக்கிறது. எட்டு நாள் கழித்து அப்பா நடந்தே வீட்டுக்கு வந்தார்.

வெள்ளையணுக் கவுண்ட் 4,000-க்கும் 11,000-க்கும் நடுவில் இருந்தால் கிருமி இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். ஸ்டீராய்டு சாப்பிடுபவர்களுக்குக் கிருமி இல்லாமலேயே கவுண்ட் ஏறும். காய்ச்சல், மூச்சு, பிபி எல்லாவற்றோடும் சேர்த்து டாக்டர்தான் முடிவு சொல்ல வேண்டும், இதையும் அக்காவே சொன்னார்.

முழு ரத்த எண்ணிக்கைக்கு 300 ரூபாய் வாங்கினார்கள், ஸ்லைடு பார்த்ததற்குத் தனியாக எதுவும் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை 12 மணி வரைதான். பழைய ரிப்போர்ட் இருந்தால் கையோடு கொண்டு போங்கள், பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்க்கிறார்.